கையெழுத்து கடைசியில்தான்: கட்டுமானத் தளத்தில் புது ஆட்களுக்குப் பாதுகாப்பு இண்டக்ஷன் நடத்துவது எப்படி

பத்து வருடம் இருக்கும். பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் சேஃப்டி ஆபீசராக இருந்தேன். இரண்டாவது மாடித் தளத்தில் குழாய், ஒயர் போகும் டக்டுக்காக விட்ட ஓட்டையை யாரோ ஒரு பிளைவுட் பலகையால் மூடியிருந்தார்கள். ஆணி அடிக்கவில்லை, மேலே எதுவும் எழுதவுமில்லை. ஜார்க்கண்டிலிருந்து வந்து இரண்டு நாள்கூட ஆகாத ஒரு பையன், சென்ட்ரிங்குக்கு (கான்கிரீட் வார்க்கத் தாங்கும் பலகை வேலைக்கு) பலகை வேண்டுமென்று அதைத் தூக்கினான். பெரிய பலகையை இரண்டு கையாலும் முன்னால் பிடித்துத் தூக்கினால் காலடி தெரியாது. ஓர் அடி முன்னால் வைத்தான், அவ்வளவுதான். கீழே பூச்சு வேலைக்கு மணல் கொட்டியிருந்தது. கால் எலும்பு முறிந்ததோடு பிழைத்தான்.

அன்று சாயங்காலம் ஆபீசில் எல்லாரும் முதலில் தேடியது அவனுடைய இண்டக்ஷன் படிவத்தை, அதாவது வேலை தொடங்கும் முன் புது ஆளுக்கு எடுக்கும் பாதுகாப்பு வகுப்பின் படிவத்தை. இருந்தது. கையெழுத்தும் இருந்தது. வகுப்பு எடுத்தவன் நான்தான். 'சமஜ் கயா?' (புரிந்ததா?) என்று நானே கேட்டு, 40 பேரும் தலையாட்டியதைப் பார்த்துத் திருப்திப்பட்டவனும் நான்தான். ஆஸ்பத்திரியில் அவனிடம் பேசியபோதுதான் தெரிந்தது, வகுப்புக்கு வந்த அன்று விடிகாலையில் அவன் ரயிலை விட்டு இறங்கியிருக்கிறான். பாதி நேரம் தூங்கியிருக்கிறான். ஓட்டையைப் பற்றி நான் சொன்னேனா இல்லையா என்பதே அவனுக்கு ஞாபகமில்லை.

கம்பெனிக்குப் பிரச்சினை வரவில்லை, காகிதம் சரியாக இருந்ததால். எனக்கு அந்தக் காகிதத்தின் மேல் இருந்த நம்பிக்கை அதோடு போயிற்று. அதற்கப்புறம் தளத்துக்குத் தளம் மாற்றி மாற்றிச் செய்து பார்த்து, இப்போது கடைப்பிடிக்கும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். தமிழ்நாட்டுத் தளங்களை மனதில் வைத்து எழுதியது. சைட் இன்ஜினீயர், சேஃப்டி ஆபீசர், சிறிய கான்ட்ராக்டர் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம்.

முதலில்: யார் நடத்துவது, யார் கூலியில்

1996-ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டப்படி, 500 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் தளத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்க வேண்டும் என்று இருந்தது. 2020-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய தொழில்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் கட்டுமானத்துக்கு அதை 250 ஆகக் குறைத்தது. நம் ஊரில் பெரும்பாலான தளங்களில் அவ்வளவு பேர் இருப்பதில்லை. அப்படியென்றால் வேலை சைட் இன்ஜினீயர் தலையில் விழும். பரவாயில்லை, ஆனால் இண்டக்ஷன் நடத்துகிறவருக்கு ஒரு வேலையை அங்கேயே நிறுத்தும் அதிகாரம் இருக்க வேண்டும். நேற்று கல்லூரி முடித்து வந்த டிரெய்னியிடம் படிவத்தைக் கொடுத்து 'போய் எடுத்துட்டு வா தம்பி' என்றால், தொழிலாளிகளுக்குச் சேதி உடனே போய்விடும்: இது முக்கியமில்லாத வேலை.

அடுத்தது கூலி. இதை யாரும் பேசுவதில்லை, ஆனால் எல்லாம் இதில்தான் கெடுகிறது. சதுர அடிக் கணக்கில் வேலை எடுத்திருக்கும் கேங்குக்கு அரை நாள் இண்டக்ஷன் என்றால் அரை நாள் வருமானம் போயிற்று. மேஸ்திரி வாசலில் நின்று மணி பார்ப்பார். அதனால் ஒப்பந்தம் போடும்போதே 'ஆளுக்கு அரை நாள் இண்டக்ஷன், அதற்குக் கூலி கம்பெனி தரும்' என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி இல்லாமல் மீதி எதைச் சொல்லிக்கொடுத்தும் பெரிய பயனில்லை. கேட்கிறவனுடைய மனது வேலை இடத்தில் இருக்கும்.

ஒரு தடவைக்கு 15 பேர் போதும், மொழிவாரியாகப் பிரித்து. இன்று சென்னையில் ஒரு தளத்தில் தமிழ், தெலுங்கு, இந்தி, வங்காளம், ஒடியா ஐந்தும் கேட்கும். இந்தி எல்லாருக்கும் தெரியும் என்று நினைப்பது நம் சோம்பேறித்தனம். ஒடிசாவின் உள்மாவட்டங்களிலிருந்து வருகிறவருக்கு இந்தி அரைகுறையாகத்தான் தெரியும். தளத்தில் ஏற்கெனவே ஆறு மாதம் வேலை பார்த்து, இரண்டு மொழி தெரிந்த ஒரு தொழிலாளியைப் பக்கத்தில் நிறுத்தி மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். அவருக்கு அந்த அரை நாளுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுங்கள். மேஸ்திரியை மட்டும் மொழிபெயர்ப்பாளராக வைக்காதீர்கள். அவர் முன்னால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், அவரும் தனக்கு வேண்டாததை மொழிபெயர்க்க மாட்டார்.

ரயிலை விட்டு இறங்கிய அன்று இண்டக்ஷன் கிடையாது. குளித்து, சாப்பிட்டு, ஒரு ராத்திரி தூங்கட்டும்.

கேட்டில் பதிவு

கேட்டில் ஆதாரைப் பார்த்து வயதை உறுதி செய்வது முதல் வேலை. 18 நிரம்பாத யாரையும் உள்ளே விடக் கூடாது. 'அண்ணனோட வந்திருக்கான் சார், சும்மா தண்ணி எடுத்துக் குடுப்பான்' என்று சொல்வார்கள். சும்மா வந்த பையன் மூன்றாம் நாள் சாரத்தின் மேல் நிற்பான்.

பெயர், போட்டோ, ரத்த வகை, ஊரில் இருக்கும் ஒருவருடைய போன் நம்பர் எல்லாம் வாங்க வேண்டும். அந்த நம்பருக்கு அங்கேயே ஒரு மிஸ்டு கால் கொடுத்துப் பாருங்கள். பாதி நம்பர் வேலை செய்யாது. இந்தக் கேட் பதிவேட்டை வெறும் சம்பளக் கணக்காக நினைக்காதீர்கள். 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். அப்படி ஒன்று நடந்தால், உள்ளே எத்தனை பேர் என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் ஒரே பொருள் அன்றைய கேட் பதிவேடு. உள்ளே போனவர் பெயர் மட்டும் இருந்து வெளியே வந்தவர் பெயர் இல்லையென்றாலும் அது பயன்படாது.

உடம்பைப் பற்றித் தனியாக, மெதுவாகக் கேளுங்கள். வலிப்பு உண்டா, உயரத்தில் தலை சுற்றுமா, சர்க்கரை அல்லது பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறாரா. எல்லார் முன்னாலும் கேட்டால் எல்லாரும் 'இல்லை' என்பார்கள், ஏனென்றால் உண்மை சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம். அதனால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: வலிப்பு இருந்தால் வேலை இல்லை என்று அர்த்தமில்லை, மேலே ஏறும் வேலை இல்லை, கம்பி வளைக்கும் யார்டில் வேலை உண்டு. சொன்னபடி செய்யவும் வேண்டும். ஒருவரைத் திருப்பி அனுப்பினால், அடுத்த நாள் முதல் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள்.

கட்டுமானத் தொழிலாளர் நல வாரியப் பதிவையும் இங்கேயே கேட்டுவிடலாம். தமிழ்நாட்டில் இந்த வாரியம் 1994-இலிருந்து இருக்கிறது. கார்டு இல்லாதவருக்குப் பதிவு செய்ய உதவுங்கள். வடமாநிலத்தவரில் பலருக்குத் தங்களாலும் பதிய முடியும் என்பதே தெரியாது.

ஹெல்மெட், ஷூ, பெல்ட்

சாமான்களை வகுப்புக்கு முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் சரிபார்க்க நேரம் கிடைக்கும். ஹெல்மெட்டில் ஐ.எஸ். 2925, உயரத்தில் உடம்பு முழுதும் மாட்டும் ஃபுல் பாடி பெல்ட்டில் ஐ.எஸ். 3521, ஷூவில் ஐ.எஸ். 15298 என்ற முத்திரை எண்களைக் காட்டிவிடுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு ஐ.எஸ்.ஐ. குறியைக் காட்டினால் போதும்.

ஹெல்மெட்டைப் பொறுத்தவரை ஒரு சின்னச் சோதனை. திருகை இறுக்கிவிட்டு, தாடைப் பட்டை போடாமல் தலையைக் கீழே குனியச் சொல்லுங்கள். விழுந்தால் சரியாக இறுக்கவில்லை. அப்புறம் தாடைப் பட்டையை மாட்டச் சொல்லுங்கள். மேலிருந்து விழும் ஆளுக்கு, தலை தரையில் படுவதற்கு முன்னால் ஹெல்மெட் கழன்று போவதுதான் வழக்கம். அந்தப் பட்டை அதற்காகத்தான். ஹெல்மெட்டுக்குள் பீடிக்கட்டு, மொபைல் எதையும் செருகக் கூடாது. தலைக்கும் ஓட்டுக்கும் நடுவில் விட்டிருக்கும் அந்த இடைவெளிதான் அடியை வாங்குகிறது.

பெண்களுக்குச் சரியான அளவு ஷூ பெரும்பாலும் இருக்காது. 7-ஆம் நம்பருக்குக் கீழே கடைக்காரர் வைத்திருப்பதில்லை என்பார்கள். ஆர்டர் கொடுத்தால் வரும். சித்தாள் அக்காக்கள் பெரிய ஷூவைப் போட்டுத் தடுக்கி விழுவதைவிட, செருப்போடு வருவதே மேல் என்று நினைப்பார்கள், அவர்கள் நினைப்பதில் தப்பும் இல்லை. புடவை கட்டி வருகிறவர்கள் மேலே ஒரு சட்டை போட்டு, முந்தானையை உள்ளே செருகிக்கொள்ள வேண்டும். மிக்சர் மெஷினும் சாமான் தூக்கும் ஹோய்ஸ்ட்டும் துணியை இழுத்துக்கொள்ளும்.

அறையில் 45 நிமிடம்

புரொஜெக்டர் இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் நஷ்டமில்லை. தளத்து மேலாளர் முதல் ஐந்து நிமிடம் வந்து நின்று ஒரே ஒரு விஷயம் சொல்ல வேண்டும்: 'ஆபத்து என்று தோன்றினால் வேலையை நிறுத்து. நிறுத்தினதுக்காக யார் கூலியையும் பிடிக்க மாட்டேன்.' இதை நான் சொன்னால் எடுபடாது. சம்பளத் தாளில் கையெழுத்துப் போடுகிறவர் சொன்னால்தான் நம்புவார்கள்.

அப்புறம் ஆள் எப்படிச் சாகிறான் என்பதிலிருந்து ஆரம்பியுங்கள். கம்பெனிக் கொள்கை, சான்றிதழ், மேலாண்மை அமைப்பு எதுவும் வேண்டாம். கட்டுமானத்தில் உயிரை எடுக்கும் விஷயங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். உயரத்திலிருந்து விழுவது, மேலிருந்து சாமான் விழுவது, கரண்ட், மண் சரிவு, வண்டி, மூடிய குழி. எல்லாவற்றையும் ஒரே அளவு பேச வேண்டியதில்லை. உங்கள் தளம் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அதற்கு நேரம் கொடுங்கள். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போது பத்தாவது மாடியைப் பற்றிப் பேசி என்ன பயன்?

மண்ணைப் பற்றிப் பேசும்போது எடையைச் சொல்லுங்கள். ஒரு கன மீட்டர் மண் ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு டன் வரை இருக்கும். ஒரு சின்னக் காரின் எடைக்கு மேல். மார்பு வரை மூடினாலே மூச்சை உள்ளே இழுக்க முடியாது. 1.5 மீட்டருக்கு மேல் ஆழமான குழியில் முட்டு கொடுக்காமலோ, பக்கம் சரித்து வெட்டாமலோ யாரும் இறங்கக் கூடாது. தோண்டிய மண்ணையும் ஓரத்திலேயே குவிக்கக் கூடாது, குறைந்தது 1.5 மீட்டர் தள்ளிக் கொட்ட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நேற்று நின்ற சுவர் இன்று நிற்கும் என்று நம்ப முடியாது. மழை விட்ட காலையில் யார் இறங்கிப் பார்த்துச் சொல்வது என்பதைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள்.

கரண்டுக்கு ஒரு செட்டப் வைத்திருக்கிறேன். பழைய சாக்கெட் ஒன்று, பிளக் இல்லாத ஒயர் ஒன்று, நான்கு தீக்குச்சி. ஒயரின் நுனியைச் சீவி சாக்கெட்டில் விட்டு, தீக்குச்சியைச் செருகி இறுக்கிக் காட்டுவேன். அறையில் சிரிப்பு வரும், ஏனென்றால் எல்லாரும் செய்திருக்கிறார்கள். சிரிப்பு அடங்கினதும் அந்த ஒயரை ஈரத் தரையில் இழுத்துக் காட்டுவேன், காலில் இடறி ஒரு குச்சி தெறிக்கும். அதுதான் பாடம். பிளக் இல்லாமல் எந்த மெஷினும் ஓடாது, 30 மில்லி ஆம்பியர் இ.எல்.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே அணையும் சுவிட்ச்) இல்லாத போர்டிலிருந்து யாரும் கரண்ட் எடுக்கக் கூடாது, இ.எல்.சி.பி. டிரிப் ஆனால் அதைக் கட்டையால் முட்டு கொடுத்து நிறுத்தக் கூடாது. கடைசியாகச் சொன்னதைக் கேட்டு நீங்கள் ஆச்சரியப்பட்டால், நீங்கள் இன்னும் நிறையத் தளங்களைப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

மூடிய குழிதான் நான் அதிகம் நேரம் எடுக்கும் விஷயம். நம் ஊரில் புதிதாகக் கட்டிய செப்டிக் டேங்கிலும் சம்ப்பிலும் சென்ட்ரிங் பிரிக்க இறங்கியவர்கள் இறந்திருக்கிறார்கள். கழிவே போகாத டேங்க், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. மூடி போட்டுச் சில வாரம் கிடந்த டேங்குக்குள் தேங்கிய தண்ணீரும் ஈரப் பலகையும் அழுகி, இருக்கிற ஆக்சிஜனைத் தின்றுவிடும். காற்றில் சாதாரணமாக ஆக்சிஜன் 20.9 சதவீதம். 19.5-க்குக் கீழே போனால் இறங்கக் கூடாது. ரொம்பக் குறைந்துபோனால் இரண்டு மூச்சில் மயங்கி விழுந்துவிடுவான். மேலே நிற்கிற அண்ணன் 'டேய்' என்று கத்திக்கொண்டு குதிப்பான். அவனைத் தூக்க மூன்றாமவன். ஒரு குழியில் பல பேர் சாவது இப்படித்தான்.

அதனால் மூன்று விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்க வேண்டும். உள்ளே இருக்கும் காற்றைச் சோதிக்கும் கேஸ் மீட்டர் வைத்துப் பார்க்காமல் இறங்காதே. மெழுகுவத்தி, தீப்பெட்டி கொளுத்திப் பார்க்காதே, எரியும் வாயு இருந்தால் வெடிக்கும். உள்ளே ஒருவன் விழுந்தால் நீ இறங்காதே, கத்து, காற்று ஊதும் புளோயரைக் கொண்டு வரச் சொல், இறங்கியவன் இடுப்பில் கட்டியிருக்கும் கயிற்றால் மேலிருந்து இழு. மூக்கையும் நம்பக் கூடாது. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் வாயு அளவு கூடினால் மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்பது நல்ல சேதி இல்லை.

சிமென்ட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. கான்கிரீட் போடும்போது முட்டி போட்டு வேலை செய்கிறவர், பூட்ஸுக்குள் கலவை போனதைக் கவனிக்காமல் சாயங்காலம் வரை இருப்பார். ஈரச் சிமென்ட் காரத்தன்மை உள்ளது, வலி தெரிவதற்கு முன்னால் தோல் வெந்து போயிருக்கும். பட்ட உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவு, கம்பூட்டுக்குள் போனால் கழற்றிக் கழுவு என்று சொன்னால் போதும்.

சித்திரை, வைகாசியில் வெயிலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தாகம் எடுக்கிற வரை காத்திருக்காமல் 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர். வேர்வை நின்று, உடம்பு கொதித்து, பேச்சு குளறினால் அது களைப்பு இல்லை. நிழலில் போட்டு, உடம்பை நனைத்து, விசிறி, 108-க்குப் போன் செய்ய வேண்டும்.

எந்த மொழிக்காரராக இருந்தாலும் நாலைந்து சொல் எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும். 'ருக்கோ' என்றால் நில், 'ஹட்டோ' என்றால் விலகு, 'சக்கர்' என்றால் தலை சுற்றல். தமிழ் ஆட்களும் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும், வந்தவர்கள் 'நில்லு', 'விலகு', 'தலை சுத்துது' என்பதைக் கற்றுக்கொள்ள வேண்டும். எல்லாரையும் எழுந்து நின்று சத்தமாகக் கத்தச் சொல்லுவேன். கொஞ்சம் கூச்சப்படுவார்கள், பரவாயில்லை.

நடந்து காட்டுவது

அறையில் சொன்னதில் பாதி, தளத்தில் நடக்கும்போதுதான் மண்டையில் ஏறும். கேட்டிலிருந்து ஆரம்பித்து, ஆள் போகும் பாதை, வண்டி போகும் பாதை, குடிதண்ணீர், கழிப்பறை, முதலுதவி அறை, சைரன் அடித்தால் கூடும் இடம், மெயின் சுவிட்ச் எல்லாவற்றையும் தொட்டுக் காட்டுங்கள். பெண்கள் கழிப்பறையை ஒரு பெண் தொழிலாளி தனியாகக் கூட்டிப் போய்க் காட்டட்டும், தாழ்ப்பாள் இருக்கிறதா என்றும் பார்த்து வரட்டும். 50-க்கு மேல் பெண்கள் வேலை செய்யும் தளத்தில் குழந்தைகளுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று 1996 சட்டமே சொன்னது. அந்த இடம் எங்கே இருக்கிறது என்று காட்டாவிட்டால் குழந்தை மணல் குவியலில்தான் விளையாடும், டிப்பர் பின்னால் வரும் அதே குவியலில்.

எங்கள் வழக்கத்தில் நடையின் முக்கியமான நிறுத்தம் ஓட்டைதான். ஒவ்வொரு மாடித் தளத்து ஓட்டை மூடியிலும் மஞ்சள் பெயின்டில் பெரிய பெருக்கல் குறி, நான்கு மூலையிலும் ஆணி. மஞ்சள் குறி உள்ள பலகையை யாரும் எடுக்கக் கூடாது, எடுக்கவே வேண்டுமென்றால் என்னைக் கூப்பிட வேண்டும். இதை விளக்கிவிட்டு, பக்கத்தில் ஒரு சும்மா கிடக்கும் பிளைவுட்டைக் காட்டி 'இதை எடுக்கலாமா?' என்று கேட்பேன். எடுக்கலாம் என்பார்கள். அப்போது சொல்வேன்: எடுப்பதற்கு முன்னால் ஒரு ஓரத்தைத் தூக்கிக் கீழே பார், அப்புறம் பக்கவாட்டில் இழு, முன்னால் நடக்காதே. ஒவ்வொருவரும் ஒரு தடவை செய்து காட்ட வேண்டும். மூன்று நிமிட வேலை.

சாரத்துக்கு வந்தால், பச்சை அட்டை தொங்கினால் ஏறலாம், சிவப்பு தொங்கினால் கூடாது. பலகை முழுசாக இருக்கிறதா, இடுப்பு உயரத்துக்குக் கைப்பிடிக் குழாய் இருக்கிறதா, சாமான் உருண்டு விழாதபடி ஓரத்தில் தடுப்புப் பலகை இருக்கிறதா என்று பார்க்கப் பழக்குங்கள். குறுக்குக் குழாயில் காலை வைத்து ஏறுவது எல்லாருக்கும் வழக்கம், அதனால் ஏணி எங்கே என்பதைக் காட்டிவிட்டு அதில் ஒரு தடவை ஏறி இறங்க வையுங்கள். ஏணியின் சாய்மானம் நாலுக்கு ஒன்று: நான்கு மீட்டர் உயரத்துக்கு அடி ஒரு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். மேல் நுனி தளத்துக்கு மேல் ஒரு மீட்டர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், இறங்கும்போது பிடிக்க அதுதான்.

சென்ட்ரிங் ஆட்கள் குழுவில் இருந்தால் ஜாக்கிகளுக்கு (தளத்தைத் தாங்கும் இரும்பு முட்டுகளுக்கு) அடியில் ஒரு நிறுத்தம் போடுங்கள். 4.5 மீட்டர் வரை அகலமான கான்கிரீட் தளத்துக்கு முட்டு 7 நாள், அதற்கு மேல் 14 நாள், 6 மீட்டருக்கு மேல் நீளமான பீமுக்கு 21 நாள் என்பது சாதாரண சிமென்ட்டுக்கான நடைமுறை. இவர்கள் கணக்குப் போட வேண்டியதில்லை. இன்ஜினீயர் சாக்பீஸில் தேதி எழுதாத ஜாக்கியைத் தொடாதே என்றால் போதும்.

செய்து பார்ப்பது

உயரத்தில் வேலை செய்யப்போகிறவர்களுக்குப் பெல்ட் போடத் தெரியும் என்று நினைக்காதீர்கள். தொடைப் பட்டையைத் தொங்கவிட்டு, மார்புப் பட்டையை மட்டும் மாட்டிக்கொண்டு வருகிறவர்கள் ஏராளம். ஒரு குழாயில் கொக்கி போட்டு, தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், கீழே மெத்தை போட்டு, 20 விநாடி மட்டும் தொங்க வையுங்கள். தொடைப் பட்டை தளர்வாக இருந்தால் எங்கே இறுக்கும் என்பது ஆண்களுக்கு அந்த 20 விநாடியில் புரிந்துவிடும், அப்புறம் நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை.

பெல்ட்டில் பலருக்கும் தெரியாத ஒரு கணக்கு இருக்கிறது. 1.8 மீட்டர் கயிறு, விழும்போது விரியும் அதிர்ச்சி தாங்கி, ஆளுடைய உயரம் எல்லாம் சேர்த்தால் கீழே சுமார் 6 மீட்டர் காலி இடம் வேண்டும். முதல் மாடியில், 3 மீட்டர் உயரத்தில், கொக்கியைக் காலடியில் மாட்டிக்கொண்டு ஓரத்தில் நிற்கிறவன் விழுந்தால் பெல்ட் பிடிப்பதற்குள் தரையில் இருப்பான். கொக்கியைத் தலைக்கு மேல் மாட்டினால் விழும் தூரம் குறையும். தாழ்வான மாடிகளில் பெல்ட்டை நம்புவதைவிடக் கைப்பிடிச் சுவர் தடுப்பு கட்டுவதுதான் வழி. இதைத் தொழிலாளியிடம் சொல்வதோடு உங்கள் மேலாளரிடமும் சொல்லுங்கள், ஏனென்றால் பெல்ட் மலிவு, தடுப்புக்குக் காசு ஆகும்.

பெல்ட்டில் தொங்குகிறவனை நிமிடக் கணக்கில் கீழே இறக்க வேண்டும். அசையாமல் தொங்கினால் காலில் ரத்தம் தேங்கி மயக்கம் வரும், உயிரே போகலாம். யார், எதை வைத்து இறக்குவது என்பதை அன்றே காட்டிவிடுங்கள்.

இன்னொன்று, டிப்பர். நின்றுகொண்டிருக்கும் டிப்பரின் ஓட்டுநர் சீட்டில் ஒவ்வொருவராக ஏற்றி உட்கார வைப்பேன். சாவி என் பையில் இருக்கும். மீதி 14 பேரும் வண்டிக்குப் பின்னால் ஒட்டி நிற்பார்கள். 'கண்ணாடியில் பார், எத்தனை பேர்?' என்று கேட்டால் 'யாரும் இல்லை சார்' என்பார். இறங்கிப் போய்ப் பின்னால் பார்க்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். எந்த வீடியோவும் இதைச் செய்யாது.

திருப்பிச் சொல்லட்டும், அப்புறம் கையெழுத்து

'புரிந்ததா?' என்ற கேள்வியையே நான் விட்டுவிட்டேன். அதற்கு ஆமாம் என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது. அதற்குப் பதிலாக ஆளாளுக்கு ஒரு நிலைமையைச் சொல்லி, என்ன செய்வாய் என்று கேளுங்கள். டேங்குக்குள் உன் தம்பி மயங்கிக் கிடக்கிறான், என்ன செய்வாய்? பக்கத்தில் ஒருவன் கரண்ட் அடித்து மெஷினோடு ஒட்டிக்கொண்டிருக்கிறான், முதலில் எங்கே ஓடுவாய்? மேலிருந்து விழுந்தவன் 'தூக்கி உட்கார வை' என்கிறான், தூக்குவாயா? மேஸ்திரி பெல்ட் இல்லாமல் ஓரத்துக்குப் போகச் சொல்கிறார், என்ன சொல்வாய்?

கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் உங்கள் தளத்தின் உண்மையான நிலைமை. பெரும்பாலும் சிரித்துக்கொண்டே தரையைப் பார்ப்பார்கள்.

பதில் தப்பானால் திட்ட வேண்டாம், அந்த இடத்துக்கு மறுபடி கூட்டிப் போய்க் காட்டுங்கள். சரியாகச் சொன்ன பிறகு கையெழுத்து அல்லது கைரேகை. படிவம் அவர் மொழியில் இல்லையென்றால், என்ன எழுதியிருக்கிறது என்று வாய்விட்டுப் படித்துக் காட்டிய பிறகே.

அடையாள அட்டையின் பின்பக்கம் தளத்தின் முகவரியைத் தமிழில் எழுதி, பக்கத்தில் உள்ள அடையாளத்தையும் சேர்த்து அச்சடித்துக் கொடுங்கள். எந்த பஸ் ஸ்டாப், எந்த பெட்ரோல் பங்க்குக்கு எதிரே, எந்த கேட் என்று. 108-க்குப் போன் செய்த ஒரு பையன் 'சென்னை, சென்னை' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்ததை நான் கேட்டிருக்கிறேன். இப்போது அட்டையைப் பக்கத்தில் இருக்கும் யாரிடமாவது நீட்டினால் அவர் படித்துச் சொல்லிவிடுவார்.

முதல் 15 நாள்

புது ஆளின் ஹெல்மெட்டில் ஒரு ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். 15 நாள் கழித்து எடுத்துவிடலாம். அந்த ஸ்டிக்கரைப் பார்த்தால் கிரேனில் சுமை மாட்டும் ரிக்கர் முதல் ஜேசிபி ஓட்டுநர் வரை எல்லாரும் கொஞ்சம் கூடுதலாகக் கவனிப்பார்கள். கூடவே ஒரு பழைய ஆளை ஜோடியாகப் போடுங்கள், முடிந்தால் அதே மொழி பேசுகிறவரை. இந்த நாட்களில் ஆரஞ்சு ஸ்டிக்கர் ஆளுக்கு ராத்திரி ஷிஃப்டும் தனியாகச் செய்யும் வேலையும் வேண்டாம்.

தினமும் காலையில் வேலைக்கு முன் நடக்கும் சின்னப் பாதுகாப்புப் பேச்சில் (டூல்பாக்ஸ் பேச்சு), புது ஆட்களில் ஒருவரை முன்னால் கூப்பிட்டு நேற்று அவர் பார்த்த ஒரு ஆபத்தைச் சொல்லச் சொல்லுங்கள். முதல் இரண்டு நாள் ஒன்றும் வராது. மூன்றாவது நாள் யாராவது 'ஏழாவது மாடி லிஃப்ட் குழியில் தடுப்பு அவிழ்ந்திருக்கு' என்பார். அதை அன்றே கட்டிவிட்டு, கட்டியதை எல்லாரிடமும் சொல்லுங்கள். கட்டாமல் விட்டால் நாலாவது நாள் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

மறுபடி எப்போது

ஒரு மாதத்துக்கு மேல் ஊருக்குப் போய் வந்தவருக்கு மறுபடி நடை உண்டு. பொங்கல், சட் பூஜை, தீபாவளி முடிந்து கூட்டமாகத் திரும்புவார்கள். அவர்கள் போனபோது நாலாவது மாடியில் இருந்த தளம் இப்போது ஒன்பதாவது மாடியில் இருக்கும். வேலை மாறினாலும் உண்டு: கம்பி கட்டியவர் பூச்சுக்கு வந்தால் அவருக்குத் தெரியாத ஆபத்துகள் வேறு. தளத்தில் ஒரு விபத்தோ, மயிரிழையில் தப்பிய சம்பவமோ நடந்தால் எல்லாருக்கும் உண்டு, நடந்த இடத்திலேயே நிறுத்தி.

தனி வீடு கட்டும் இடத்தில்

எட்டுப் பேர் வேலை செய்யும் இடத்தில் அரை நாள் இண்டக்ஷன் நடக்காது, அதை நானும் அறிவேன். அங்கே கொத்தனார்தான் எல்லாம். சவுக்குக் கம்பில் கயிறு கட்டின சாரம், வீட்டுக்காரர் கொடுத்த தற்காலிகக் கரண்ட், தெருவோரம் போகும் மின்கம்பி. ஆனால் 20 நிமிடம் முடியும். காலையில் டீ வந்ததும் எல்லாரையும் உட்கார வைத்து, தலைக்கு மேல் போகும் மின்கம்பியைக் கையை நீட்டிக் காட்டி, கட்டுமான இரும்புக் கம்பியைத் தூக்கும்போது அந்தப் பக்கம் நிமிர்த்தக் கூடாது என்று சொல்லுங்கள். போர்டில் இ.எல்.சி.பி. இருக்கிறதா என்று டெஸ்ட் பட்டனை அழுத்திக் காட்டுங்கள். சாரக் கயிற்றை எல்லார் முன்னாலும் இழுத்துப் பாருங்கள், போன வருட மழையில் நனைந்த கயிறு அறுந்தால் அங்கேயே மாற்றுங்கள். செப்டிக் டேங்க் எங்கே வருகிறது என்று காட்டி, அதன் சென்ட்ரிங்கை வீட்டுக்காரருக்கும் கொத்தனாருக்கும் தெரியாமல் யாரும் தனியாகப் பிரிக்கக் கூடாது, மூடியை முந்தின நாளே திறந்து வைத்து, காற்று ஊதி, சோதித்த பிறகே இறங்க வேண்டும் என்று சொல்லுங்கள். கேஸ் மீட்டர் வாடகைக்குக் கிடைக்காத ஊராக இருந்தால் இறங்காமல் வேலையை முடிக்க வழி பாருங்கள். மூடித் தளத்தை மட்டும் தனித்தனிக் கான்கிரீட் பலகைகளாக வெளியே வார்த்துத் தூக்கி வைத்துவிட்டால் உள்ளே சென்ட்ரிங்கே தேவைப்படாது. பழைய கொத்தனார்கள் பல பேர் இதைத்தான் செய்கிறார்கள். கேட்டால் 'சவுக்கு மிச்சம் சார்' என்று காரணம் சொல்வார்கள்.